நாய் ரத்தத்தில சைட்டோகைன் அளக்க மனுசருக்கான கிட் சரிவருமா?

தெஹிவளை_மாணவி: வணக்கம், ப்ராஜெக்ட்டுக்கு உண்ணிக் காய்ச்சல் வந்த நாய்களிட ரத்தத்தில ஐஎல்-6, ஐஎல்-10, டிஎன்எஃப் ஆல்ஃபா எண்ட மூண்டு சைட்டோகைனும் (அழற்சியைக் கூட்டுற, குறைக்கிற சமிக்ஞைப் புரதங்கள்) பார்க்க வேணும். லேப்ல மனுசருக்கான எலைசா கிட் (ஆன்டிபாடியால புரதத்தைப் பிடிச்சு அளக்கிறது) மிச்சம் கிடக்கு, பாவிக்கலாமோ?

வெள்ளவத்தை_வெட்: வேண்டாம் தங்கச்சி. அதில இருக்கிற ஆன்டிபாடி நாயின்ட புரதத்தைப் பிடிக்காட்டி ரிசல்ட் ஒண்டும் காட்டாது, நீங்கள் அழற்சியே இல்லை எண்டு நினைச்சிடுவீங்கள். நாய்க்கெண்டே செய்த கிட் எடுங்கோ. மல்டிப்ளெக்ஸ் எண்டால் கொஞ்ச சாம்பிளிலயே பலதையும் ஒரேயடியா அளக்கலாம், சின்னக் குட்டியளுக்கு அது பெரிய உதவி.

லேப்_அண்ணா: சாம்பிளைக் கவனமாப் பாருங்கோ, அதிலதான் எல்லாம் கெடுறது. சிலதுக்கு சீரம் (ரத்தம் கட்டிபட்ட பிறகு மிஞ்சுற நீர்) சிலதுக்கு பிளாஸ்மா (கட்டிபடாமல் பிரிச்ச நீர்) எண்டு கலக்கக் கூடாது, ஏனெண்டால் ரத்தம் கட்டிபடேக்க செல்லுகள் ஐஎல்-8 மாதிரிச் சிலதை வெளிய விடும். கொழும்பு வெக்கையில வைச்சிருக்காமல் கெதியாப் பிரிச்சு, சின்னச் சின்ன ரியூப்பில மைனஸ் 80 டிகிரியில போடுங்கோ, திரும்பத் திரும்ப உருக்கினா அளவு மாறும்.

வெள்ளவத்தை_வெட்: சுகமான நாய்களிட்டயும் கட்டாயம் எடுங்கோ. சிஆர்பியும் (அழற்சி வந்தா ரத்தத்தில ஏறுற புரதம்) சேருங்கோ, முக்கியமா ஐஎல்-6 ஏறினா ஈரல் அதைக் கூடச் செய்யுது, ரெண்டும் பொருந்துதோ எண்டு பார்க்கலாம்.

தெஹிவளை_மாணவி: பெரிய உதவி அண்ணா. பிளாஸ்மாக்கு ரத்தம் கட்டிபடாமல் வைக்க இடிடிஏ போட்ட ரியூப்போ ஹெப்பரின் போட்டதோ?

லேப்_அண்ணா: கிட்டோட வாற தாளில எது போட்டிருக்கோ அது.