ஏற்றத்தில் இழுவை குறைகிறது: டர்போவையே மாற்ற வேண்டுமா?

கேள்வி

வணக்கம். என்னிடம் இருப்பது 1.0 லிட்டர், மூன்று சிலிண்டர், நேரடி எரிபொருள் செலுத்து முறை கொண்ட டர்போ (எஞ்சினுக்குள் காற்றை அழுத்தித் திணிக்கும் சுழலி) பெட்ரோல் கார். ஆறு ஆண்டுகளில் 78,000 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. மூன்று வாரங்களாக, ஏற்றத்திலோ மற்றொரு வண்டியை முந்தும்போதோ ஆக்சிலரேட்டரை அழுத்தினால் வழக்கமான இழுவை வருவதில்லை. பானட்டுக்குள்ளிருந்து காற்று சீறும் ஓசை கேட்கிறது. சிறிது நேரத்தில் எஞ்சின் விளக்கு எரிந்து, வண்டி வேகம் எடுக்கவே மறுக்கிறது. அணைத்துவிட்டு மீண்டும் இயக்கினால் சற்று நேரம் சரியாக ஓடுகிறது. மெதுவாகச் செல்லும்போது குறை எதுவும் தெரிவதில்லை, புகையும் இல்லை. பணிமனையில் ஸ்கேனர் காட்டியது பி0299 என்ற குறியீடு. எதையும் கழற்றிப் பார்க்காமலேயே டர்போவை முழுமையாக மாற்ற வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். அதற்கு ஒப்புக்கொள்ளும் முன் எவற்றைச் சோதிக்க வேண்டும்?

மறுமொழி 1

நண்பரே, அவசரப்பட்டு ஒப்புக்கொள்ள வேண்டாம். பி0299 என்பது எஞ்சின் கணினி எதிர்பார்த்த காற்றழுத்தம் கிடைக்கவில்லை என்று மட்டுமே சொல்கிறது; அழுத்தம் உருவாகவில்லையா, உருவானது வழியில் கசிகிறதா என்பதை அது பிரித்துக் காட்டாது. நீங்கள் குறிப்பிடும் சீறல் ஓசை, டர்போவிலிருந்து இன்டர்கூலருக்கும் (அழுத்தத்தால் சூடான காற்றைக் குளிர்விக்கும் பகுதி) அங்கிருந்து திராட்டிலுக்கும் (எஞ்சினுக்குள் போகும் காற்றின் அளவைக் கட்டுப்படுத்தும் வால்வு) செல்லும் ரப்பர் ஹோஸ்களில் ஒன்று கிழிந்திருப்பதையே எனக்கு முதலில் நினைவூட்டுகிறது. இத்தகைய கிழிசல் பெரும்பாலும் கிளாம்புக்கு அருகில், கண்ணுக்குப் படாத அடிப்பக்கத்தில் இருக்கும். அழுத்தம் ஏறும்போது மட்டுமே வாய் திறக்கும் என்பதால் எஞ்சின் சும்மா ஓடுகையில் பார்த்தால் தெரியாது. புகை செலுத்திக் கசிவு கண்டறியும் சோதனையைச் செய்யச் சொல்லுங்கள். அதில் ஒன்றும் அகப்படாவிட்டால் வேஸ்ட்கேட் (டர்போவைச் சுழற்றும் கழிவு வாயுவின் ஒரு பகுதியை விலக்கிவிடும் கதவு) முழுமையாக மூடுகிறதா, அதை இயக்கும் ஆக்சுவேட்டர் ஒழுங்காக அசைகிறதா என்று பார்க்க வேண்டும்.

கசிவோடு தொடர்ந்து ஓட்டுவது நல்லதன்று. வெளியேறும் காற்றை ஈடுசெய்ய டர்போ வழக்கத்தைவிட வேகமாகச் சுழல வேண்டியிருக்கும். நலமாக இருக்கும் டர்போவும் அதனால் கெடலாம்.

மறுமொழி 2

மேலே சொன்னதோடு உடன்படுகிறேன். டர்போவையும் சோதிக்க விரும்பினால், எஞ்சின் நன்கு ஆறிய பிறகு காற்று நுழையும் பக்கத்து ஹோஸைக் கழற்றி, டர்போவில் காற்றை அழுத்தும் கம்ப்ரசர் சக்கரத்தின் தண்டை விரல்களால் மெல்லப் பிடித்து அசைத்துப் பாருங்கள். பக்கவாட்டில் மிகச் சிறிய அசைவு இயல்பானது, ஏனெனில் அந்தத் தண்டு ஓடும்போது ஆயில் படலத்தின் மீது மிதக்கிறது. ஆனால் முன்னும் பின்னுமாக அசைவு விரலுக்குத் தெளிவாகத் தெரிந்தாலோ, சக்கரத்தின் இதழ்கள் உறையில் உரசிய தடம் இருந்தாலோ தேய்மானம் உறுதி. ஹோஸின் உட்புறம் மெல்லிய ஆயில் பூச்சு இருப்பதைக் கண்டு யாரேனும் உங்களை அச்சுறுத்தினால் நம்ப வேண்டாம். எஞ்சினின் உள்வாயு காற்றுவழிக்குத் திரும்புவதால் அது ஓரளவு இருக்கவே செய்யும். தேங்கி நின்றால்தான் கவலை.

ஆயில் அளவுக்கோலையும் பார்த்து எழுதுங்கள்.

கேட்டவர்

இருவருக்கும் நன்றி. வேறொரு மெக்கானிக் புகைச் சோதனை செய்ததில், இன்டர்கூலருக்குச் செல்லும் ஹோஸின் அடிப்பக்கத்தில் ஏறத்தாழ இரண்டு அங்குலக் கிழிசல் அகப்பட்டது. தண்டில் முன்பின் அசைவு இல்லை. ஹோஸையும் கிளாம்பையும் மாற்றிக் குறியீட்டை அழித்த பின் நான்கு நாட்களாக ஏற்றங்களில் பழைய இழுவை திரும்பியிருக்கிறது. ஆனால் அளவுக்கோலில் ஆயில் மேல்கோட்டைத் தாண்டி நிற்கிறது, பெட்ரோல் வாடையும் வருகிறது. நாள்தோறும் நான்கு கிலோமீட்டர் சென்று திரும்புவதுதான் என் ஓட்டம். கடைசியாக ஆயில் மாற்றிப் பதினோரு மாதங்கள் ஆகின்றன.

மறுமொழி 2

ஹோஸைவிட இதுவே எனக்குக் கவலையளிக்கிறது. எஞ்சின் சூடேறும் முன்பே பயணம் முடிந்துவிடுவதால், எரியாத பெட்ரோல் சிலிண்டர் சுவர் வழியாக இறங்கி ஆயிலில் கலக்கிறது. அடிக்கடி நீண்ட தூரம் ஓட்டினால் அது ஆவியாகிவிடும், உங்கள் ஓட்டத்தில் அதற்கு வாய்ப்பில்லை. நிமிடத்துக்கு ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட சுற்றுகள் சுழலக்கூடிய தண்டை, நீர்த்துப்போன ஆயில் தாங்குவது கடினம்.

ஆயிலையும் ஃபில்டரையும் உடனே மாற்றுங்கள். கையேட்டில் குறிப்பிட்டுள்ள பாகுநிலை (ஆயிலின் கெட்டித்தன்மை) கொண்ட ஆயிலையே ஊற்றுங்கள். உங்கள் கையேடு ஏற்குமானால் ஏபிஐ எஸ்பி (அமெரிக்கப் பெட்ரோலிய நிறுவனத்தின் எஞ்சின் ஆயில் தரப்பிரிவு) தரம் பொருத்தமானது. 2020ஆம் ஆண்டு மே மாதம் நடைமுறைக்கு வந்த அத்தரம், குறைந்த சுற்றில் அதிகச் சுமை ஏறும்போது நிகழும் முன்கூட்டிய எரிதலைத் தடுப்பதையும் கருத்தில் கொண்டது. அதே காரணத்துக்காக, ஏற்றத்தில் உயர்ந்த கியரிலேயே ஆக்சிலரேட்டரை அழுத்தி எஞ்சினைத் திணறவிடாமல் ஒரு கியர் இறக்கிக்கொள்ளுங்கள். இனி ஆயில் மாற்றும் இடைவெளிக்குக் கையேட்டில் கடும் பயன்பாட்டுக்கென்று தந்துள்ள அட்டவணையைப் பின்பற்றுங்கள். வாரம் ஒருமுறையேனும் அரைமணி நேரம் தொடர்ந்து ஓட்டுங்கள். அவ்வாறு ஓட்டியும் 1,000 கிலோமீட்டருக்குள் ஆயில் மட்டம் மீண்டும் ஏறினால், எரிபொருளைப் பீய்ச்சும் இன்ஜெக்டர் கசிகிறதா, உயர் அழுத்த எரிபொருள் பம்பின் சீல் தேய்ந்துள்ளதா என்று சோதிக்க வேண்டியிருக்கும். அப்போது அளவுகளோடு இங்கேயே எழுதுங்கள்.