சனிக்கிழமை இசை இரவு: 2000 ரூபாய் கொடுத்துப் புழுதி குடித்தவர்கள் வாருங்கள்

நெத்தலியாற்றான்:
கிளிநொச்சிப் பக்கம் சனிக்கிழமை நடந்த திறந்தவெளி இசை இரவுக்குப் போனவர்கள் இங்கே யாராவது இருக்கிறீர்களா? ஆளுக்கு 2000 ரூபாய். டிக்கெட்டில் ஐந்து மணி என்று இருந்தது. முதல் பாட்டு எட்டேகாலுக்கு. அதுவரை பொன்னாடை. ஒன்பது பேருக்குப் போர்த்தினார்கள், எண்ணினேன்; எண்ணுவதற்கு அங்கே வேறொன்றும் இருக்கவில்லை. பாட்டு தொடங்கியதும் ஒவ்வொரு சொல்லும் இரண்டு முறை கேட்டது. அதையும் பொறுத்துக்கொள்ளலாம். ஐந்தரைக்கு என்று அறிவித்திருந்த நம் ஊர்ப் பறைக் குழுவை ஒன்பது ஐம்பதுக்கு மேடையேற்றிப் பத்து மணிக்கு இறக்கிவிட்டார்கள். அந்தப் பிள்ளைகள் நான்கு மணியிலிருந்து மேடைக்குப் பின்னால் நெருப்பு மூட்டிப் பறையைக் காய்ச்சுவதும், அது இளகியதும் மறுபடி காய்ச்சுவதுமாக நின்றார்கள். ஏறத்தாழ ஆறு மணி நேரம்!

தொண்டன்:
நானும் அங்கே வேலை செய்தவன், சம்பளமில்லாமல். அண்ணா, நீங்கள் எத்தனை மணிக்கு வந்தீர்கள்? ஐந்து மணிக்கு மைதானத்தில் இருந்தவர்கள் நாற்பது பேர், அதிலும் பாதி கடை போட வந்தவர்கள். எப்படியும் ஏழு மணிக்குத்தான் தொடங்கும் என்று வீட்டில் படுத்திருந்துவிட்டு, வந்ததும் ஏன் தாமதம் என்று கேட்டால் நாங்கள் யாருக்காகத் தொடங்குவது? ஒலிச் சாமான் லொறி கொழும்பிலிருந்து முந்நூறு கிலோமீட்டருக்கு மேல் ஓடி வர வேண்டும். பொன்னாடை போர்த்திக்கொண்டவர்கள் தந்த பணத்தில்தான் அந்த மேடையே எழுந்தது. வன்னியில் ஒன்றும் நடப்பதில்லை என்று அழுவதும் நீங்கள்தான்.

முறிகண்டிக் கச்சான்:
வழியில் வாகனமெல்லாம் நின்று கும்பிட்டுப் போகும் முறிகண்டிப் பிள்ளையாரிடம் லொறி நிற்காமல் வந்திருக்கும். வேறு காரணம் தேட வேண்டாம்.

குமுழமுனை மருமகள்:
நாங்கள் நாலரைக்கே வந்துவிட்டோம், தம்பி. உங்கள் நாற்பதில் ஐந்து பேர் நாங்கள். நேரத்துக்கு வந்தவர்களுக்குத் தண்டனை, பிந்தி வந்தவர்களுக்கு முன்வரிசையா? பெண்களுக்கு இரண்டே கழிப்பறை, அதில் ஒன்றுக்குத் தாழ்ப்பாள் இல்லை. மாமியார் வாசலில் காவல் நின்றார். மேடைக்கும் எங்களுக்கும் நடுவில் ஒரு நெல்வயல் அகலத்துக்குத் தடுப்பு. பாடகரை நாங்கள் திரையில்தான் பார்த்தோம். அதை வீட்டிலேயே பார்த்திருக்கலாம். சின்னவனின் நீலச் செருப்பில் ஒன்று வாசல் நெரிசலில் போய்விட்டது. யாராவது கண்டால் சொல்லுங்கள்.

தொண்டன்:
கழிப்பறைக்கு மன்னிப்புக் கேட்கிறேன், அக்கா. தடுப்புக்குக் கேட்க மாட்டேன். 2024 பெப்ரவரியில் யாழ்ப்பாணம் முற்றவெளியில் கூட்டம் தடுப்புகளைத் தாண்டி மேடைப் பக்கம் பாய்ந்து நிகழ்ச்சி இடையில் நின்றது நினைவிருக்கிறதா? அதற்குப் பிறகு அந்த இடைவெளி இல்லாமல் மேடை போட எங்களுக்குத் துணிவில்லை.

வவுனியா ஒலிக்காரன்:
இரண்டு முறை கேட்டதற்குக் காரணம் சொல்கிறேன். சனிக்கிழமை வேலை என்னுடையதல்ல; பார்வையாளனாகத்தான் வந்தேன். மேடையில் பெரிய பெட்டிகள், மைதான நடுவில் இன்னொரு சோடி. இடையில் 70 மீட்டர் இருக்கும். கம்பி வழியே போகும் பாட்டு நடுப்பெட்டியை உடனே அடைந்துவிடும். காற்றில் போவது விநாடிக்கு ஏறத்தாழ 340 மீட்டர்தான். ஆகவே பின்னால் இருந்தவர்களுக்கு நடுப்பெட்டி முதலில் பாடிவிட்டது, மேடைப் பெட்டி ஐந்தில் ஒரு விநாடி பிந்திப் பாடியது. மெல்லிய பாட்டில் அது எதிரொலி போலத் தோன்றும். பறையின் வேக அடிகளில் எந்த அடி எதற்கு என்றே தெரியாமல் குழம்பிவிடும். நடுப்பெட்டியை அந்த அளவு தாமதப்படுத்தினால் சரி. கருவியில் ஓர் எண்ணை மாற்ற வேண்டும், அவ்வளவுதான். ஆனால் வெறும் மைதானத்தில் நடந்து நடந்து கேட்டுப் பார்க்க அரை மணி நேரம் வேண்டும். அந்த அரை மணியைப் பொன்னாடை தின்றுவிட்டது.

முறிகண்டிக் கச்சான்:
எங்கள் சித்தப்பா மைதானத்துக்கு ஒரு கிலோமீட்டர் தள்ளி முற்றத்தில் கயிற்றுக் கட்டிலில் படுத்திருந்தார். அவ்வளவு தெளிவாகக் கேட்டது என்கிறார். ஒரு சதம் கொடுக்கவில்லை.

வவுனியா ஒலிக்காரன்:
அவர் பொய் சொல்லவில்லை. வீடு மைதானத்துக்குப் பக்கவாட்டில் இருந்தால் இரண்டு சோடிப் பெட்டிகளும் அவருக்கு ஏறத்தாழ ஒரே தூரம். ஒலி சேர்ந்தே போயிருக்கும். இரவில் நிலம் குளிர்ந்து மேல்காற்று சூடாக இருந்தால், மேலே போக வேண்டிய ஒலி வளைந்து தரைக்கு வரும். நல்ல இருக்கை சித்தப்பாவுக்குத்தான் கிடைத்திருக்கிறது.

நெத்தலியாற்றான்:
தம்பி, நான் வந்தது ஆறு மணிக்கு, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் நாற்பது பேர்தான் என்றால் அந்த நாற்பது பேருக்கு முன்னால் பறையை அடிக்கவிட்டிருக்கலாமே. பறைக்கு லொறி வேண்டாம், பெட்டி வேண்டாம், மின்சாரமும் வேண்டாம். அடித்திருந்தால் சத்தம் கேட்டே சனம் வந்திருக்கும். வற்றாப்பளைக் கண்ணகி அம்மன் பொங்கலோடு சேர்ந்த கோவலன் கூத்தை விடிய விடிய மணலில் பாய் போட்டுப் பார்த்த சனம் இது. பொறுமை இல்லை என்று எங்களைச் சொல்லாதீர்கள்.

தொண்டன்:
விடிய விடிய ஆடுவதற்கு இப்போது ஒலிபெருக்கி அனுமதி தருவார்களா? பத்து மணிக்குப் பொலிஸார் வந்து நிறுத்தச் சொன்னார்கள். அதற்கும் நாங்களா பொறுப்பு?

வவுனியா ஒலிக்காரன்:
இரவு பத்திலிருந்து காலை ஆறு வரை ஒலிபெருக்கிக்குக் கட்டுப்பாடு உயர் நீதிமன்றம் 2007இல் கொண்டுவந்தது. சனிக்கிழமை புதிதாக வந்த சட்டமல்ல. பத்து மணி வரும் என்பது எல்லோருக்கும் தெரிந்ததுதானே, பறைக் குழுவைக் கொண்டுபோய் அதன் வாயில் வைத்தது யார்?

தொண்டன்:
பெரிய பாடகர் முதலில் பாடிவிட்டுப் புறப்பட வேண்டும் என்றார். மேடை முழுக்க அவருக்காக வைத்த ஒலிவாங்கிகள். பறைக்காக அதைக் கலைத்துத் திரும்ப அடுக்க நேரமில்லை. அந்த முடிவு என்னுடையதல்ல. ஆனால் நானும் பேசாமல்தான் நின்றேன்.

நெத்தலியாற்றான்:
ஒரே ஒரு கேள்வி. குழுவுக்குப் பேசிய பணத்தைக் கொடுத்தீர்களா?

தொண்டன்:
பயணச் செலவு கொடுத்தோம்.

நெத்தலியாற்றான்:
நான் அதைக் கேட்கவில்லை.

குமுழமுனை மருமகள்:
நானும் அதைத்தான் கேட்க இருந்தேன். அந்தக் குழுவில் ஒரு பிள்ளை எங்கள் ஊர்.

தொண்டன்:
நாளை மாலை கணக்குப் பார்க்கும் கூட்டம். கேட்டுவிட்டு இங்கேயே எழுதுகிறேன். அக்கா, தொலைந்தவற்றை ஒரு பெட்டியில் போட்டு வைத்திருக்கிறோம். நீலச் சின்னச் செருப்பு ஒன்று இருக்கிறது, வலது கால்.

குமுழமுனை மருமகள்:
எங்களுடையது இடது.