தூணை நகர்த்தினால் கையொப்பம் யாருடையது?

நண்பர்களே, ஓர் உதவி வேண்டும். கட்டட வடிவமைப்பில் கட்டடக்கலைஞரின் பணி எங்கே முடிகிறது, பொறியாளரின் பணி எங்கே தொடங்குகிறது என்று ஒரு விதிமுறை வரைவு எழுதுகிறேன். அறைகளின் அமைப்பு ஒருவருக்கு, அடித்தளமும் உத்திரமும் இன்னொருவருக்கு, இதில் சிக்கலில்லை. பார்வைக்காக ஒரு தூணை இரண்டடி நகர்த்தும்போதுதான் தவிக்கிறேன். சுமை இறங்கும் பாதையே மாறிவிடுகிறதே, பொறுப்பேற்பது யார்?

1981-இல் அமெரிக்காவின் கான்சாஸ் சிட்டி நகர ஓட்டல் ஒன்றில் தொங்கு நடைபாலங்கள் விழுந்து 114 பேர் இறந்தார்கள். தொங்குகம்பி இணைப்பை மாற்றியபோது யாரும் மறுபடி கணக்கிடவில்லை. அது பொறியாளருக்கும் உருக்கு வேலை செய்தவர்களுக்கும் இடையிலான இடைவெளி என்றாலும், என்னை உறங்கவிடவில்லை.

ஒருவர் தன் பணிக்குத் துணையாக மற்றவரின் துறை வேலையையும் ஓரளவு செய்யலாம் என்னும் "துணைப்பணி" விதிவிலக்கைப் பரப்பளவால் வரையறுப்பதா, உயிராபத்தால் வரையறுப்பதா? நடைமுறையில் நின்ற வாசகங்கள் இருந்தால் தயவுசெய்து பகிருங்கள்.