பென் டிரைவ் இல்லாமல் விண்டோஸில் இருந்தே லினக்ஸ் மின்ட் போடலாமா?

வெள்ளவத்தை_வாசகன்:
லப்டொப்பில் யூஎஸ்பி போர்ட் ஒன்றும் வேலை செய்யவில்லை, டிவிடியும் இல்லை. விண்டோஸ் 10, 8 ஜிபி ரம், 256 ஜிபி எஸ்எஸ்டி, 110 ஜிபி காலி. விண்டோஸும் இருக்கவேணும், மின்ட் 22உம் போடவேணும். முந்தி விண்டோஸுக்குள் இருந்தே உபுண்டு லினக்ஸ் போட வூபி என்று ஒன்று இருந்ததே, அது சரிவருமா?

கிரப்_காவலன்:
வூபியை விடுங்கோ. உபுண்டு 13.04உடன் அதைக் கைவிட்டாயிற்று. டிஸ்கிலேயே ஒரு சின்னப் பார்டிசனை (டிஸ்கில் பிரித்த தனிப் பகுதி) இன்ஸ்டோலர் ஆக்கலாம்.

எம்எஸ்இன்ஃபோ32இல் (விண்டோஸின் சிஸ்டம் தகவல் கருவி) பயோஸ் மோட் யூஇஎஃப்ஐ என்று இருக்கவேணும். லெகசி என்றால் இந்த வழி சரிவராது. டிஸ்க் மேனேஜ்மென்ட்டில் சி டிரைவை 70 ஜிபி சுருக்கி, 6 ஜிபிக்கு ஃபற்32 பார்டிசன் போடுங்கோ, மிச்சத்தைத் தொடவேண்டாம். மின்ட்டின் ஐஎஸ்ஓவை (இறக்கிய இன்ஸ்டோல் ஃபைல்) டபுள் கிளிக் பண்ணித் திறந்து, உள்ளே உள்ள அத்தனையையும் அதில் கொப்பி பண்ணுங்கோ.

எல்லாரும் சறுக்குவது இதற்குப் பிறகுதான். இன்ஸ்டோலர் தான் ஓடுகிற டிஸ்கிலேயே எழுதவேணும்; ஆனால் அதன் பார்டிசன் மவுண்ட் ஆகி (பாவனையில்) இருப்பதால் பார்டிசன் அட்டவணையை மாற்ற முடியாமல் நின்றுவிடும். அதனால் விண்டோஸிலேயே, பூட் ஃபோல்டருக்குள் கிரப் ஃபோல்டரில் இருக்கும் கிரப்.சிஎஃப்ஜியை நோட்பேட்டில் திறந்து, முதல் மெனுவின் லினக்ஸ் வரியில் ஸ்பிளாஷ் என்ற சொல்லுக்கு அடுத்து ஓர் இடைவெளி விட்டு டுரம் என்று ஒரே சொல்லாகச் சேருங்கோ (ஆங்கிலச் சின்ன எழுத்தில், toram). முழு லைவ் சிஸ்டமும் (இன்ஸ்டோல் பண்ணாமலே ஓடும் மின்ட்) ரம்முக்கு ஏறிவிடும், பார்டிசன் விடுபடும். 8 ஜிபி தாராளம்.

பிறகு ஷிஃப்டை அமத்திக்கொண்டு ரீஸ்டார்ட். பூட் மெனுவில் அந்தப் பார்டிசன் வராவிட்டால், எச்பியில் எஃப்9 அடித்து 'பூட் ஃப்ரொம் ஈஎஃப்ஐ ஃபைல்', டெல்லில் பயோஸுக்குள் 'அட் பூட் ஒப்ஷன்'. ஈஎஃப்ஐ, பூட் ஃபோல்டர்களுக்குள் பூட்எக்ஸ்64ஐக் காட்டுங்கோ.

கொட்டாஞ்சேனை_ரூட்:
அண்ணா சொன்னதைத் தொடங்க முதல் பிட்லொக்கர் (விண்டோஸின் டிஸ்க் பூட்டு) ரிக்கவரி கீயைத் தாளில் எழுதி வையுங்கோ. பூட் ஒழுங்கு மாறினால் விண்டோஸ் அதைக் கேட்கும், கீ இல்லையென்றால் டேட்டா போச்சு. அட்மின் கொமான்ட் ப்ரொம்ப்ட்டில் பவர்சிஎஃப்ஜி (powercfg /h off) கொடுத்து ஹைபர்னேஷனையும் நிறுத்துங்கோ. ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப் அதோடு போய்விடும், சி சுருங்க மறுப்பதற்கும் பல நேரம் அந்த ஹைபர்னேஷன் ஃபைல்தான் காரணம்.

இன்ஸ்டோல் பண்ணும்போது 'சம்திங் எல்ஸ்' எடுங்கோ. காலி இடத்தில் எக்ஸ்ட்4 (லினக்ஸின் ஃபோர்மட்), மவுண்ட் பொயின்ட் வெறும் சாய்கோடு (/). பழைய ஈஎஃப்ஐ பார்டிசனை ஃபோர்மட் பண்ணவே கூடாது, விண்டோஸின் பூட்லோடர் அதற்குள்தான்.

யூடிசி_பிளஸ்:
முடிந்தபின் விண்டோஸில் நேரம் ஐந்தரை மணித்தியாலம் பின்னுக்குப் போயிருக்கும். லினக்ஸ் வன்பொருள் கடிகாரத்தில் யூடிசி (உலகப் பொது நேரம்) எழுதும், விண்டோஸ் அதைக் கொழும்பு நேரம் என்று வாசிக்கும். மின்ட்டில் டைம்டேட்சிடிஎல் கட்டளையின் செட்-லோக்கல்-ஆர்டிசி மதிப்பை 1 ஆக்கினால் (timedatectl set-local-rtc 1) சரியாகிவிடும்.