நீதவான் அனுப்பிற நன்னடத்தைப் பாடசாலையால திரும்பி வந்த பிள்ளையை வகுப்பில எடுத்த ஆக்கள் உங்கட அனுபவத்தை எழுதுங்கோ

வலிகாமம் ரீச்சர்

போன வருசம் கல்வி வலயத்தில 2 நாள் செயலமர்வு வைச்சவை. நடத்தைப் பிரச்சினை உள்ள பிள்ளையளை எப்பிடி அணுகிறது எண்டு. குழுவாப் பிரிச்சு, பெரிய தாளில எழுதி, சுவரில ஒட்டி, எல்லாம் செய்தம். அது முடிஞ்சு மூண்டாம் கிழமை என்ர 10ஆம் வகுப்புக்கு ஒரு பெடியன் வந்தான். நன்னடத்தை உத்தியோகத்தர் கூட்டிக்கொண்டு வந்து கந்தோரில விட்டிட்டுப் போட்டார். 11 மாசம் உள்ளுக்க இருந்தவன். எனக்கு ஒருத்தரும் ஒண்டும் சொல்லேல்லை.

நான் இடாப்பு அடையாளம் போட்டுக்கொண்டு, தலை நிமிராமலே கேட்டிட்டன்: "தம்பி, இவ்வளவு நாளும் எங்க நிண்டனி?"

வகுப்பு அப்பிடியே அடங்கிப்போச்சு. நிமிர்ந்து பாக்கிறன், பின்வாங்கில ஒருத்தன் ரெண்டு மணிக்கட்டையும் சேர்த்து விலங்கு போட்ட மாதிரித் தூக்கிக் காட்டிறான். இவன் அதைப் பாக்கேல்லை, என்னைத்தான் பாத்தான். "வவுனியாவில சித்தி வீட்டை, ரீச்சர்" எண்டான். நான் அதைக் குறிப்புக்குரிய இடத்தில எழுதினன். "உறவினர் வீடு, வவுனியா". என்ர கையெழுத்தில இப்பவும் கிடக்கு.

4 நாள் வந்தான். பிறகு வரேல்லை. இப்ப ஒரு சைக்கிள் கடையில நிக்கிறானாம்.

முதல் நாள், முதல் நிமிசம் என்ன சொல்லிறது எண்டு ஆருக்காவது ஆரும் பழக்கினவையோ?

கவராயம்

ரீச்சர், நான் மற்றப் பக்கத்தில நிண்டனான். அப்பிடி ஒரு இடத்துக்குள்ள ஒண்டரை வருசம் கணிதம் படிப்பிச்சனான். எந்த இடம் எண்டு சொல்லேல்லை. 11 வயசும் 16 வயசும் ஒரே அறையில. 7இன் பெருக்கல் வாய்ப்பாடு தெரியாதவனும் சமன்பாடு தீர்க்கிறவனும் ஒரே வாங்கில. பல்வகுப்புக் கற்பித்தல் எண்டு ஒரு கையேடு தந்தவை, அது தீவுப்பக்கத்துச் சின்னப் பள்ளிக்கூடங்களுக்கு எழுதினது.

வட்டம் கீறிற பாடம். கவராயம் உள்ளுக்க கொண்டுபோகேலாது, கூர் இருக்கு. எனக்கு அது வாசலிலதான் தெரியும். பெட்டியை வாங்கி வைச்சிட்டினம். வெறுங்கையோட போய், கரும்பலகையில கையாலயே ஒரு கோணல் வட்டம் கீறி, ஆரையைப் பற்றிக் கதைச்சுக்கொண்டு நிக்கிறன். முன்னுக்கு இருந்த பெடியன், அதுவரைக்கும் ஒரு சொல்லும் கதைக்காதவன், சேட்டின்ர கீழ் மடிப்பில இருந்து நூலை உருவினான். ஒரு நுனியைப் பென்சிலில கட்டி, மற்ற நுனியைப் பெருவிரலால கொப்பியில அமத்திப் பிடிச்சு ஒரு சுத்துச் சுத்தினான். அச்சொட்டான வட்டம். கொப்பியை என்ர பக்கம் திருப்பி, "இதுதானே சேர் ஆரை?" எண்டு நூலைத் தொட்டுக் காட்டினான்.

அவன் களவெடுத்ததுக்கு வந்தவனில்லை. பள்ளிக்கூடம் போகாமல் திரியிறான், என்னால அடக்கேலாது எண்டு தாயே நீதவானிட்டைக் கொண்டுபோய் விட்டவ. இலங்கையின்ர 1939ஆம் ஆண்டுச் சிறுவர், இளம் ஆட்கள் கட்டளைச் சட்டத்தில அதுக்கு இடமிருக்கு. வெளியில நிக்கிற ரீச்சர்மாருக்கு இது தெரியாது. திரும்பி வந்தாலே "என்ன செய்தவனாம்?" எண்டுதான் ஆசிரியர் அறையில முதல் கதை.

ஓய்வுபெற்ற பிரதி அதிபர்

ரீச்சர் குறை நினைக்கக் கூடாது, இதில பயிற்சியைக் குத்தம் சொல்லிறதை நான் ஏற்கமாட்டன். உங்களுக்குச் சொல்லாமல் பிள்ளையை வகுப்புக்கு அனுப்பினது நிர்வாகத்தின்ர பிழை. அந்தப் பிழையை நானும் விட்டிருக்கிறன். 2000களில ஒரு பெடியனுக்கு "சொந்த விருப்பில் விலகல்" எண்டு விடுகைப் பத்திரம் எழுதிக் குடுத்தனான். தாய் கைநாட்டு வைச்சா. சொந்த விருப்பமில்லை எண்டு அவவுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். விரலில இருந்த மையை அவ சீலைத் தலைப்பில துடைச்சது இப்பவும் கண்ணுக்குள்ள நிக்குது.

ஆனபடியால் சொல்லிறன், இளம் ஆசிரியர்கள் கேளுங்கோ. கட்டாயக் கல்வி வயது 2016 தொடக்கம் 5 முதல் 16. அந்த வயசுப் பிள்ளையைத் திருப்பி எடுக்கிறது தயவில்லை, கடமை. பிள்ளை வர ஒரு கிழமைக்கு முன்னம் நன்னடத்தை உத்தியோகத்தரோட கதையுங்கோ. உள்ளுக்க எந்தப் பாடம் எந்த அலகு மட்டும் போனது எண்டு கேளுங்கோ, வழக்கைக் கேளாதேங்கோ. பகுதித் தலைவர், வகுப்பாசிரியர், ஆலோசனை வழிகாட்டல் ஆசிரியர் மூண்டு பேரும் ஒருக்கா இருந்து கதைக்க வேணும். அடிக்கக்கூடாது எண்டு 2005இலயும் 2016இலயும் சுற்றறிக்கை வந்திட்டுது, 2016இன் 12ஆம் இலக்கத்தை ஒருக்கா முழுசா வாசியுங்கோ. அடி இல்லாமல் ஒழுக்கத்தை எப்பிடிக் கொண்டு போறது எண்டு அதில இருக்கு. ஆனா எங்கட ஆக்கள் "அடிக்கேலாதாம்" எண்ட ஒரு வரியோட நிப்பாட்டிப் போடுவினம். வீட்டில ஆபத்து எண்டு விளங்கினால் 1929 எண்ட சிறுவர் உதவித் தொலைபேசி இலக்கத்துக்கு எடுங்கோ, பிந்தாதேங்கோ. பழைய தவணைப் பாடங்களை நல்லாப் படிக்கிற பிள்ளையைக் கொண்டு எழுதிவிக்க வேண்டாம், நீங்களே படப்பிரதி எடுத்துக் குடுங்கோ. முன்வாங்கில, உங்கட கண்ணுக்கு எதிர இருத்துங்கோ. ஒரு பொறுப்புக் குடுங்கோ, கரும்பலகை அழிக்கிறதாவது.

தென்மராட்சியான்

நான் ரீச்சர் இல்லை. உள்ளுக்க போட்டு வந்தவன். இப்ப 27 வயசு.

சேர், முன்வாங்கு வேண்டாம். தயவுசெய்து அதை ஒருத்தருக்கும் சொல்லாதேங்கோ. என்னையும் முன்வாங்கிலதான் விட்டவை. பின்னால 40 பேர், அவ்வளவு பேரும் என்ர பிடரியைப் பாக்கிறமாதிரியே இருக்கும். உள்ளுக்க இருந்தவனுக்கு முதுகுப்பக்கம் ஆக்கள் நிண்டா எப்பிடி இருக்கும் எண்டு உங்களுக்குச் சொல்லி விளங்காது. யன்னல் பக்கம், நடு வரிசை, பக்கத்தில பழைய சிநேகிதன் ஒருத்தன். அவ்வளவுதான் கேட்டிருப்பன், கேக்க விட்டிருந்தால்.

மற்றது இடாப்பு. நான் போகேக்க பேரைச் சிவப்பு மையால வெட்டினவை. வரேக்க கடைசியில எழுதினவை. என்ர பேர் "அ"வில தொடங்கும். முன்னம் 2ஆம் இலக்கம், வந்தாப்பிறகு 41. எல்லாரும் சொல்லி முடியுமட்டும் காத்திருந்து, சத்தம் அடங்கினாப்பிறகு நான் தனிய "வந்தேன்" சொல்ல வேணும். ஒவ்வொரு நாளும். அது ஒருத்தரும் வேணுமெண்டு செய்ததில்லை.

கட்டுறுப் பயிலுனர்

கோப்பாயில கல்வியியற் கல்லூரியில 2 வருசம் முடிச்சு இப்ப 3ஆம் வருசம், பள்ளிக்கூடத்தில படிப்பிச்சுப் பழகிற கட்டுறுப் பயிற்சியில நிக்கிறன். பியாஜே, எரிக்சன், மாஸ்லோ எண்டு உளவியல் கோட்பாடெல்லாம் பரீட்சைக்கு எழுதினனான், அது வீணில்லை. ஆனா இடாப்பில பேர் எங்க எழுதிறது எண்டதைப் பற்றி ஒரு விரிவுரையிலயும் கேட்டதில்லை. அண்ணா எழுதினதை வாசிச்சிட்டு என்ர இடாப்பைத் திறந்து பாத்தன். கடைசியில ரெண்டு பேர். இடையில சேர்ந்தவை எண்டு நினைச்சிருந்தன். ஏன் எண்டு கேட்டதேயில்லை.

ஹூஸ்ரன்

யாழ்ப்பாணத்தான், இப்ப டெக்சஸில படிப்பிக்கிறன். இங்க நீதவான் இல்லாமலே பள்ளிக்கூடம் தானே பிள்ளையை ஒழுக்காற்று மாற்றுப் பாடசாலைக்கு அனுப்பலாம். டி.ஏ.ஈ.பி எண்டு பேர். 1995இல கல்விச் சட்டத்தின்ர 37ஆம் அத்தியாயத்தில கொண்டுவந்தது. ஆங்கிலம், கணிதம், விஞ்ஞானம், வரலாறு, அதோட சுயகட்டுப்பாடும் அங்க பாடம். 2019இல ஒரு திருத்தம் வந்தது: பிள்ளை அங்கயிருந்து விடுபட்டு 5 பாடசாலை நாளுக்குள்ள, வழமையான வகுப்புக்குத் திரும்பிற ஒழுங்கை அதிபர் செய்ய வேணும், பிள்ளைக்கெண்டு தனித் திட்டம் எழுத வேணும்.

எழுதினம். 5ஆம் நாள் கூட்டம். ஆலோசகர், சமூக சேவையாளர், நான், அந்தப் பிள்ளை. எல்லாரும் கையெழுத்துப் போட்டம். கடைசியா, ஏதும் கேக்க இருக்கோ எண்டு ஆலோசகர் பிள்ளையைக் கேட்டா. அவள், "என்ர பழைய இடத்தில இப்ப ஆர் இருக்கினம்?" எண்டாள். 4 பக்கத் திட்டத்தில அது இல்லை. அவளின்ர வகுப்பாசிரியர் நான்தான், எனக்கும் தெரியேல்லை.

ஓய்வுபெற்ற பிரதி அதிபர்

தென்மராட்சித் தம்பி, முன்வாங்கைப் பற்றி நான் எழுதினதை விடுங்கோ. நான் 31 வருசம் அப்பிடித்தான் இருத்தினனான்.

ஹூஸ்ரன் தம்பி, கையெழுத்தில ஒண்டுமில்லை எண்ட மாதிரி எழுதாதேங்கோ. இங்க 5 நாள் எண்டு ஒரு கெடு இருந்திருந்தால் வலிகாமம் ரீச்சருக்கு ஆரும் ஒரு வசனம் சொல்லித்தான் இருப்பினம்.

வலிகாமம் ரீச்சர்

எல்லாரையும் வாசிச்சன். அவன்ர பேரும் கடைசியிலதான், 38. அதை எழுதினதும் நான்தான்.

சனிக்கிழமை அந்தச் சைக்கிள் கடைக்குப் போறன். சாதாரண தரப் பரீட்சைக்கு இன்னும் நேரம் இருக்கு. போய் நிண்டு எப்பிடித் தொடங்கிறது? திரும்பவும் ஒரு கேள்வியைக் கேட்டிடுவனோ எண்டு பயமாக் கிடக்கு.

தென்மராட்சியான்

ஸ்கூட்டியில போகாதேங்கோ ரீச்சர். வீட்டில சைக்கிள் இருந்தா உருட்டிக்கொண்டு போங்கோ. செயின் இறுக்க வேணும், பிறேக் பாக்க வேணும் எண்டு குடுங்கோ. அவன் வேலை முடிக்குமட்டும் பக்கத்தில இருங்கோ. காசைக் கட்டாயம் குடுங்கோ, வேண்டாம் எண்டுவான், குடுங்கோ. பள்ளிக்கூடக் கதையை அண்டைக்கு எடுக்க வேண்டாம். அடுத்த கிழமை பின் சில்லைக் கொண்டு போங்கோ.