தரங்கம்பாடி ஆலயங்கள்: 1701, 1707, 1718… எது எந்தக் கட்டடம்?

கேள்வி
தரங்கம்பாடி நகர வாயிலைத் தாண்டி கிங் ஸ்ட்ரீட்டில் போனால் இரண்டு பழைய ஆலயங்கள் இருக்கின்றன. தேடினால் ஆண்டுகள் மட்டும் மூன்று வருகின்றன. இரண்டு கட்டடத்துக்கு மூன்று ஆண்டு எப்படி? பார்த்தவுடன் பிரித்தறிய அடையாளம் உண்டா? இந்த ஊர்ப் பழைய சுவர்களில் இடுப்பு உயரத்துக்குக் கீழே மட்டும் பூச்சு உதிர்கிறதே, அது ஏன்?

பதில் 1
மூன்றாவது கட்டடம் இப்போது இல்லை, குழப்பம் அதனால்தான். 1701 சீயோன் ஆலயம். அப்போது இந்த ஊர் டென்மார்க் வசம், கோட்டையில் இருந்த டேனிஷ்காரர்களுக்காகக் கட்டியது. ஜெர்மானிய லுத்தரன் மிஷனரி சீகன்பால்கு வந்து இறங்கியது 1706 ஜூலை 9, அதாவது அவர் வருவதற்கு முன்பே அது நின்றது. அவர் தமிழ்ச் சபைக்கென 1707 ஆகஸ்டில் பிரதிஷ்டை செய்த சிறிய எருசலேம் ஆலயத்தைப் பின்னாளில் கடல் கொண்டுபோய்விட்டது. இப்போது நிற்பது 1718 அக்டோபரில் பிரதிஷ்டையான புதிய எருசலேம். 1719இல் இறந்த சீகன்பால்கின் கல்லறை அதற்குள்தான், பலிபீடத்தின் அருகே.

'இந்தியாவின் முதல் புராட்டஸ்டண்ட் ஆலயம்' என்று இவற்றைச் சொல்பவர்களை நம்பவேண்டாம். சென்னைக் கோட்டையின் தூய மரியன்னை ஆலயம் 1680.

பதில் 2
அடையாளம் சுலபம். தெருவில் நின்று முகப்பின் மேற்பகுதியைப் பாருங்கள். கிரீடமும் அதன் கீழே பின்னிய எழுத்தும் 1718 என்ற ஆண்டும் இருந்தால் புதிய எருசலேம். அந்த எழுத்து டென்மார்க் மன்னர் நான்காம் பிரெடரிக்கின் முத்திரை. சீகன்பால்கின் மிஷனுக்கு ஆள் அனுப்பியவர் அவர். தரைப்படம் சிலுவை வடிவம். உள்ளே நடுவில் நின்றால் நான்கு கைகளும் தெரியும். இது இப்போது தமிழ் சுவிசேஷ லுத்தரன் திருச்சபையிடம், சீயோன் தென்னிந்தியத் திருச்சபையிடம்.

பதில் 3
பூச்சு விஷயத்துக்கு வருகிறேன். செங்கல் நிலத்து ஈரத்தை உறிஞ்சும், கூடவே உப்பும் ஏறும். சுண்ணாம்புப் பூச்சு என்றால் ஈரம் வெளியே ஆவியாகிவிடும். மேலே சிமெண்ட் பூசிவிட்டால் வழி அடைபட்டு, உப்பு பூச்சுக்குப் பின்னால் படிகமாகி செங்கல்லின் முகத்தையே பொடியாக்கும். பூச்சு 'டொக் டொக்' என்று பொள்ளலாக ஒலிக்கும் இடமெல்லாம் அந்த நிலைதான்.

சரிசெய்ய: ஈரம் ஏறி நிற்கும் கோட்டுக்கு மேல் ஓரடி வரை சிமெண்டை உளியால் எடுங்கள், செங்கல் இணைப்புகளை 2 செ.மீ. ஆழம் சுரண்டுங்கள். உப்பை உலர்ந்த தூரிகையால் தள்ளுங்கள். தண்ணீர் ஊற்றிக் கழுவினால் உப்பு கரைந்து மறுபடி உள்ளேதான் போகும். நன்கு ஊறிய சுண்ணாம்பு ஒரு பங்கு, ஆற்று மணல் மூன்று பங்கு, ஒவ்வொன்றும் 1 செ.மீ.க்குள் இரண்டு மூன்று பூச்சு. கடற்கரை மணல் வேண்டவே வேண்டாம், அதில் உப்பு கூடவே வரும்.

பதில் 4
மேலே எமல்ஷன் அடித்துவிடாதீர்கள், அத்தனை வேலையும் வீண். சுண்ணாம்பு வெள்ளைதான் அடிக்க வேண்டும். சுவரை ஒட்டி கான்கிரீட் தளம் போட்டிருந்தால் அதையும் வெட்டி எடுங்கள். நிலத்து ஈரம் அங்கே வெளியேற வழியில்லாமல் சுவரில்தான் ஏறும்.