உள்ளுறை ஆற்றலா, அடக்க ஆற்றலா?

> எம்பாடீட் எனர்ஜிக்கு, அதாவது ஒரு பொருளை உருவாக்கிக் கொண்டுவந்து சேர்க்கச் செலவாகும் ஆற்றலுக்கு, 'உள்ளுறை ஆற்றல்' என்றே வைத்துக்கொள்ளலாமே, பழகிய சொல்தானே?

பழகிய சொல் என்பதுதான் ஐயா சிக்கலே. பள்ளியில் உள்ளுறை வெப்பம் படித்த எல்லாருக்கும் தெரியும், பனிக்கட்டி உருகும்போது உள்ளே போன வெப்பம் நீர் மறுபடி உறையும்போது வெளியே வந்துவிடும். நாம் பேசுவதோ திரும்பி வராத ஆற்றல். சுண்ணாம்புக்கல்லும் களிமண்ணும் சூளையில் ஏறத்தாழ 1450 டிகிரி செல்சியஸ் சூட்டில் வெந்துதான் சிமென்ட் ஆகின்றன, அந்தச் சூடு ஒன்றும் சுவருக்குள் உட்கார்ந்திருக்கவில்லை. 'உள்ளுறை' என்று எழுதிவிட்டால், வீட்டை இடித்தால் ஆற்றல் கிடைக்குமா என்று மாணவர் கேட்பார், கேட்டால் அவர் மேல் தப்பும் இல்லை.

ஒரு பொருளை விளைவிக்கச் செலவாகும் நீருக்கு மறைநீர் என்ற சொல் நிலைத்துவிட்டதே, அதுபோல 'மறை ஆற்றல்' என்று சொல்லலாம் என்றும் ஒருவர் எழுதியிருந்தார். நல்ல ஒப்புமைதான், நெல் விளையச் செலவான நீர் அரிசிக்குள் இல்லை. ஆனால் உள்ளுறை வெப்பத்துக்கே மறைவெப்பம் என்று இன்னொரு பெயர் உண்டு, ஆக அதே பள்ளத்தில்தான் விழுவோம்.

நான் முன்வைப்பது அடக்க ஆற்றல். கடைக்காரர் அடக்கவிலை என்று சொல்வாரே, அதே அடக்கம்தான்: ஒரு பொருள் கைக்கு வந்து சேரும்வரை அதன் மேல் விழுந்த செலவு. ஓர் அலுமினிய ஜன்னல் சட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு கிலோ அலுமினியத்தை மின்பகுப்பில் பிரித்தெடுக்க மட்டும் 13 முதல் 15 யூனிட் மின்சாரம் ஆகிறது, தாதுவைத் தோண்டியது, சுத்திகரித்தது, லாரியில் ஏற்றி வந்தது எல்லாம் தனி. பழைய அலுமினியத்தை உருக்கிச் செய்தால் புதிதாக எடுப்பதில் ஏறக்குறைய இருபதில் ஒரு பங்கு ஆற்றல் போதும், அதாவது சட்டம் அதே சட்டம், அடக்கம்தான் வேறு. இந்த வாக்கியத்தை 'உள்ளுறை' போட்டு எழுதிப் பாருங்கள், வராது.

'அடக்க ஆற்றல்' என்றால் அடக்கி ஆளும் ஆற்றல் என்று தோன்றாதா, நல்லடக்கம் நினைவுக்கு வராதா என்று கேட்பீர்கள். முதலில் கொஞ்சம் தோன்றும், ஒத்துக்கொள்கிறேன். அடக்கவிலையைக் கேட்டு யாரும் இடுகாட்டை நினைப்பதில்லை, இதுவும் அப்படிப் பழகிவிடும்.

அப்புறம் இதன் ஜோடிச் சொல். விளக்கு, ஏசி, லிஃப்ட் என்று கட்டடம் நாள்தோறும் தின்னும் ஆற்றலைச் சிலர் 'இயக்க ஆற்றல்' என்று எழுதுகிறார்கள். பாடநூலில் இயக்க ஆற்றல் என்பது ஓடும் பொருளுடையது, வீடு எங்கே ஓடுகிறது? 'புழக்க ஆற்றல்' போதும். வெப்பக்காப்பும் இரட்டைக் கண்ணாடியும் சேரச் சேரப் புழக்கம் குறைகிறது, அடக்கம் ஏறுகிறது, அதனால் ஆய்வுக் கட்டுரைகளில் இந்த இரண்டும் ஒரே வரியில் மோதிக்கொள்ளும், இரண்டுமே சுருக்கமாக இருந்தாக வேண்டும்.

ஒரு பொருளைச் செய்யும்போது வெளியேறும் கார்பனுக்கு அடக்கக் கார்பன் என்றும் இதையே நீட்டலாம். சிமென்டில் வெளியேறும் கார்பன் டை ஆக்சைடில் பாதிக்கு மேல் எரிபொருளால் வருவதல்ல, சுண்ணாம்புக்கல்லே சிதைந்து வெளிவிடுவது, ஆகவே ஆற்றலுக்கும் கார்பனுக்கும் தனித்தனிக் கணக்கு வேண்டும்.

ஒன்று மட்டும் எனக்கு மாட்டவில்லை. 20, 30 வருடம் கழித்து ஜன்னல் மாற்றுகிறோம், கூரை மாற்றுகிறோம், அப்போது புதிதாகச் சேரும் அடக்கத்துக்கு என்ன பெயர்? 'மராமத்து அடக்கம்' என்று தற்காலிகமாக எழுதி வைத்திருக்கிறேன், இதைவிட நல்லதாக இருந்தால் சொல்லுங்கள்.